தீவில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள்: ஹய்யையும் காமிலையும் பதுளையிலிருந்து வாசித்தல்

"பிள்ளை நல்ல கெட்டிக்காரன் சேர். ஆனா ஒருத்தரோடயும் சேர மாட்டான்."

பெற்றார் கூட்டங்களில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஹாலி எல பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த தாய் சொன்னாலும் சரி, பதுளை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் வாப்பா சொன்னாலும் சரி, குரலில் பாதி கவலை இருக்கும், பாதி பெருமை இருக்கும். ஒதுங்கி இருப்பதே கெட்டிக்காரத்தனத்துக்கு அத்தாட்சி என்று எங்கட ஆக்கள் உள்ளூர நம்புகிறார்கள். படிப்பிக்கிற எங்களில் பலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

அந்த நம்பிக்கையோடுதான் இப்னு துபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' என்ற நூலையும் நாம் பேசி வந்திருக்கிறோம். ஆளில்லாத் தீவில், உஸ்தாதும் கிதாபும் மொழியும் இல்லாமல், தன் புத்தி ஒன்றையே வைத்துப் படைத்தவனை அறிந்துகொண்ட ஒருவனின் கதை அது. மேடைகளில் இந்நூல் பேசப்படும்போது இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். 1671இல் எட்வர்ட் பொக்கொக் இதை லத்தீனில் வெளியிட்டார், 1708இல் சைமன் ஒக்லி அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார், 1719இல் ராபின்சன் குரூசோ வந்தது, ஆகவே குரூசோவுக்கு இதுவே முன்னோடி என்பது ஒன்று. படைத்தவனை அறிவதில் பகுத்தறிவுக்கு இருக்கும் ஆற்றலை 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு முஸ்லிம் எழுதிவிட்டார் என்பது மற்றது. முன்னது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, பின்னது உண்மைதான். ஆனால் கதையின் கடைசிப் பகுதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஹய் முதன்முதலாக இன்னொரு மனிதனைச் சந்திப்பது அங்கேதான். அப்போது அவனுக்கு வயது 50.

இப்னு துபைல் 1185இல் மராகிஷில் காலமானார். அதற்கு அடுத்த நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவ மேதை இப்னுன் நபீஸ், இந்தக் கதைக்குப் பதில் சொல்வது போல இன்னொரு கதை எழுதினார். அதிலும் தீவு, அதிலும் தனியே வளர்ந்த அறிவாளிப் பிள்ளை. ஆனால் அந்தப் பிள்ளை மனிதரைச் சந்திக்கும் விதம் வேறு. இந்த இரண்டையும் அருகருகே வைத்து, ஒரேயொரு கேள்வியோடு வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. தனித்து நிற்கும் கெட்டிக்காரப் பிள்ளை எந்த இடத்தில், எதனால், இன்னொரு மனிதனோடு சேருகிறது?

கழுகுச் சிறகு

இப்னு துபைல் கிரனாடாவுக்கு அருகிலுள்ள வாதீ ஆஷில் பிறந்தவர். முவஹ்ஹிதீன் கலீபா அபூ யஃகூப் யூஸுபின் அரண்மனை வைத்தியர். இப்னு ருஷ்தை அந்தக் கலீபாவுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. ஹய், அப்ஸால், ஸலாமான் என்ற பெயர்களை இப்னு ஸீனாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். கதையை மட்டும் தமதாக ஆக்கிக்கொண்டார்.

கதை நடப்பது பூமத்திய ரேகைக்குக் கீழே உள்ள இந்தியத் தீவுகளில் ஒன்றில். 'அது நமது ஸரந்தீபாக இருக்குமோ' என்று ஆசைப்பட வேண்டியதில்லை. நமது நாடு அந்தக் கோட்டுக்கு வடக்கே கிடக்கிறது. ஹய்யின் பிறப்பை இப்னு துபைல் இரண்டு விதமாகச் சொல்கிறார். தாய் தகப்பன் இல்லாமல் களிமண் பதமாகி அதிலிருந்து உண்டானான் என்பது ஒன்று. பக்கத்துத் தீவு அரசனின் சகோதரி, யக்ழான் என்பவரை இரகசியமாக மணந்து பெற்ற பிள்ளையை, மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் போலப் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டாள் என்பது மற்றது. எப்படி வந்தாலும் பிள்ளையை எடுத்து வளர்ப்பது குட்டியை இழந்த ஒரு பெண்மான்.

ஏழேழு வருடங்களாகப் பிரித்துச் சொல்லப்படும் இந்த வளர்ச்சியில் பகுத்தறிவின் படிகளைத்தான் அறிஞர்கள் பார்க்கிறார்கள். வகுப்பறையில் நிற்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது வேறொன்று. ஹய்யின் முதல் சிந்தனையே ஒரு குறையைப் பற்றியது. மற்ற மிருகங்களுக்குக் கொம்பு இருக்கிறது, உரோமம் இருக்கிறது, ஓடும் வேகம் இருக்கிறது. தனக்கு எதுவும் இல்லை. தான் வேறு மாதிரி என்பதை அவன் உயர்வாக உணரவில்லை, கூச்சமாகவே உணர்கிறான். இலையால் மூடிப் பார்க்கிறான். இலை காய்ந்து உதிர்கிறது. கடைசியில் செத்துக் கிடந்த கழுகொன்றின் சிறகையும் வாலையும் எடுத்து அணிந்துகொள்கிறான். குளிருக்கு இதமாக இருக்கிறது. மிருகங்கள் எல்லாம் பயந்து மரியாதையாக ஒதுங்குகின்றன. தாய் மானைத் தவிர ஒன்றும் கிட்டே வருவதில்லை.

நூல் முழுவதிலும் என்னை அதிகம் நிறுத்திய இடம் இதுதான். குறையை மறைக்கப் போட்ட உடுப்பே அவனைத் தனியாக்கிவிட்டது. எங்கட பிள்ளைகளுக்கு இந்தச் சிறகை நாங்களே மாட்டிவிடுகிறோம். தோட்டத்துப் பாடசாலையொன்றிலிருந்து 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்துவிட்டால் சந்தியில் பெனர் கட்டுகிறோம், மாலை போடுகிறோம். அடுத்த வருடம் அது டவுன் பாடசாலைக்கு வந்து சேரும்போது பழைய கூட்டாளிகள் லயத்தில் இருக்கிறார்கள், புதிய கூட்டாளி இன்னும் கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு வீட்டுக்குப் போனால் 'படிக்கிற பிள்ளை, அதைக் கூப்பிடாதீங்க' என்று விளையாட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். 12 வயதில் ஹாபிழாகிவிட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கும் இதே கதிதான். வகுப்பில் 'ஹஸ்ரத்' என்று பட்டம் வைத்துவிடுவார்கள். ஸலாம் சொல்லி ஒதுங்குவார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டும் ஆள் சேர்க்க மாட்டார்கள். மரியாதைதான். ஆனால் அந்த வயதுக்கு அது எவ்வளவு குளிரான மரியாதை என்று போட்டவனுக்குத்தான் தெரியும்.

மானின் மரணம்

அடுத்து மான் முதுமையடைந்து இறக்கிறது. ஹய் அதன் குரலிலேயே அதைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. காதைப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான், எங்கும் காயமில்லை. கோளாறு உள்ளே இருக்க வேண்டும் என்று நெஞ்சைப் பிளந்து இருதயத்தை எடுக்கிறான். அதன் ஓர் அறை வெறுமையாக இருக்கிறது. அங்கே குடியிருந்த ஒன்று போய்விட்டது, தன்னை நேசித்தது அதுதான், இந்த உடல் வெறும் கருவி என்ற முடிவுக்கு வருகிறான். பிறகு ஒரு காகம் இன்னொரு காகத்தைப் புதைப்பதைப் பார்த்துத் தானும் மானைப் புதைக்கிறான். ஆதம் (அலை) அவர்களின் மக்கள் கதையை அறிந்த வாசகருக்கு ஸூரத்துல் மாயிதாவின் 31ஆம் வசனம் இங்கே நினைவுக்கு வரும்.

உடற்கூற்றியல், ஆன்மா பற்றிய தத்துவம் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஆய்வுகள் அதையே புகழ்கின்றன. ஆனால் நடந்திருப்பது என்ன? பிள்ளையின் துக்கம் ஒரே இரவில் ஆராய்ச்சியாக மாறிவிட்டது. அழுவதற்கு அவனுக்கு யாரும் இல்லை. ஆகவே அவன் கேள்வி கேட்கத் தொடங்குகிறான். இப்னு துபைல் இதை ஒரு வளர்ச்சியாகவே எழுதிச் செல்கிறார். மருத்துவரான அவர் கத்தியை விவரிக்கும் நுணுக்கத்தோடு கண்ணீரை விவரிக்கவில்லை.

ஊவாவில் இது புத்தகத்துக் கதை மட்டும் இல்லை. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் தோட்டத்திலும் இருக்கிறார்கள், நமது முஸ்லிம் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். உம்மம்மாவிடமோ அப்பாயியிடமோ வளரும் அந்தப் பிள்ளைகளில் சிலர் குழப்படி செய்வார்கள். அவர்களை நாம் உடனே கவனிப்போம். சிலர் சத்தமில்லாமல் கணக்குக்குள் போய்விடுவார்கள். எல்லாப் பாடத்திலும் 90க்கு மேல் வரும். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. ஹய்யை வாசித்த ஆசிரியன் கவலைப்பட வேண்டியது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான்.

இதற்குப் பிறகு வரும் வருடங்கள் ஹய்யின் பதின்பருவம். நெருப்பைக் கண்டுபிடிக்கிறான், தோலால் உடுப்பும் நாரால் நூலும் செய்கிறான், களஞ்சியம் கட்டுகிறான், மிருகங்களைப் பழக்குகிறான். இந்தக் காலத்தில்தான் தீவைச் சுற்றி வந்து தன்னைப் போல ஒன்று எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறான். ஒவ்வொரு மிருகத்துக்கும் செடிக்கும் அதன் இனத்தில் பல இருக்கின்றன. தன் இனத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்ல இப்னு துபைல் அதிக இடம் எடுத்துக்கொள்ளவில்லை. உடனே வேறு விசாரணைக்குப் போய்விடுகிறார். ஆனால் அந்தத் தேடல் அங்கே இருக்கிறது. தனிமையை ஹய் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு நூலே தரும் சாட்சி அது.

அப்ஸாலின் சாப்பாடு

ஹய் 50 வயதை எட்டும்போது, வானத்தையும் வானத்தைப் படைத்தவனையும் அறிந்து, குகையில் தியானத்தில் மூழ்கியிருக்கிறான். பக்கத்துத் தீவிலிருந்து அப்ஸால் வருகிறார். மார்க்கம் உள்ள ஊரில் பிறந்தவர், தனிமையை நாடி வந்தவர். இருவரும் சந்திக்கும் காட்சி அரபு உரைநடையின் மிக அழகான இடங்களில் ஒன்று என்பேன். தன் வணக்கம் கெட்டுவிடும் என்று அப்ஸால் ஓடுகிறார். ஹய் துரத்துகிறான். மறைந்து நின்று, அவர் ஓதுவதையும் அழுவதையும் கேட்கிறான். மறுபடி ஓட்டம். கடைசியில் பிடித்துவிடுகிறான். தோல் உடுத்து, முடி நீண்டு தொங்கும் உருவத்தைக் கண்டு அப்ஸால் நடுங்குகிறார். அவர் பேசும் மொழி ஹய்க்கு விளங்கவில்லை, பயம் மட்டும் விளங்குகிறது. மிருகங்களிடம் கற்ற குரலால் அவரைச் சமாதானப்படுத்துகிறான். தலையைத் தடவிக் கொடுக்கிறான்.

அப்ஸால் தனக்குத் தெரிந்த மொழிகளையெல்லாம் பேசிப் பார்க்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு தான் கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்துத் தானே முதலில் சாப்பிட்டுக் காட்டி, நீட்டுகிறார். ஹய் தயங்குகிறான். என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்று தனக்குத்தானே சட்டம் வகுத்து வாழ்பவன் அவன். அந்தச் சட்டத்தை ஒரு தரம் உடைத்தால்தான் நீட்டிய கையை ஏற்க முடியும். ஏற்கிறான். பிறகு மனம் வருந்தவும் செய்கிறான். அதன் பிறகே மொழி வருகிறது. அப்ஸால் ஒவ்வொரு பொருளாகச் சுட்டிக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்கிறார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானசாஸ்திரம் தெரிந்தவன் 'கல்', 'மரம்' என்று சின்னப் பிள்ளை போலச் சொல்லிப் பழகுகிறான். சொல்லிக் கொடுக்க வந்த அப்ஸாலோ, கொஞ்ச நாளில் அவனிடமே மாணவராகிவிடுகிறார். இரண்டு பேரிடமும் மற்றவருக்கு இல்லாத ஒன்று இருந்தது. இரண்டு பேரும் அதை வாங்கிக்கொண்டார்கள். கதை முடியும்வரை உடையாமல் இருக்கும் ஒரே உறவு இது.

ஸலாமானின் ஊர்

அப்ஸாலின் ஊரைப் பற்றிக் கேட்ட ஹய்க்கு, அந்த மக்களுக்கு உண்மையை விளக்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. வழிதவறி வந்த கப்பல் ஒன்றில் இருவரும் போகிறார்கள். அங்கே தலைவர் ஸலாமான், கூட்டு வாழ்வை விரும்புபவர், தனிமையை வெறுப்பவர். ஊரார் ஹய்யை மதிப்போடு வரவேற்கிறார்கள். அவன் பேசத் தொடங்குகிறான். வெளி அர்த்தத்தைக் கடந்து ஒரு படி ஏறியதுமே முகங்கள் மாறுகின்றன. விருந்தாளி என்பதால் வெளியே மரியாதை, உள்ளே வெறுப்பு. எவ்வளவு விளக்குகிறானோ அவ்வளவு விலகுகிறார்கள். ஹய் நம்பிக்கை இழக்கிறான். ஸலாமானிடம் வந்து, தான் பேசியதற்கு வருத்தம் தெரிவித்து, நீங்கள் உங்கள் மார்க்கச் சட்டங்களைப் பற்றிப் பிடித்து வாழுங்கள் என்று சொல்லிவிட்டு, அப்ஸாலோடு தீவுக்குத் திரும்பிவிடுகிறான்.

இந்த முடிவை ஞானியின் பெருந்தன்மையாக வாசிப்பதே வழக்கம். அறிவு எல்லோருக்கும் பொதுவில்லை, தகுதிக்கேற்பவே கொடுக்க வேண்டும் என்ற தத்துவ மரபின் கருத்து அது. இப்னு துபைலுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த இப்னு பாஜ்ஜா, 'தத்பீருல் முதவஹ்ஹித்' என்ற நூலில் குறையுள்ள ஊரில் வாழும் தனித்த அறிவாளிகளை 'நவாபித்' என்று குறித்தார். விதைக்காமல் தானாக முளைத்த செடிகள் என்று பொருள். தேயிலை மலைக்குக் கீழே வாழும் நமக்கு இந்தச் சொல் சும்மா ஒரு கலைச்சொல்லாக இருக்க முடியாது. தானாக முளைத்ததைத் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்று புல்லுவெட்டுக்குப் போன எந்தத் தாயும் சொல்லுவாள். அந்தச் செடிகளின் பக்கம் நின்று எழுதியது இந்த மரபின் பெருமை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் ஹய் ஊரில் தோற்றதற்கு ஊரார் மட்டும்தானா காரணம்? அப்ஸாலிடம் அவன் நடந்துகொண்ட விதத்தையும் ஊரில் நடந்துகொண்ட விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தீவில் அவன் முதலில் கேட்டான், சாப்பிட்டான், பெயர்களைப் பழகினான். ஊரில் வந்து இறங்கியதும் படிப்பிக்கத் தொடங்கினான். அந்த ஊரில் யார் வீட்டில் உண்டான், யாரிடம் எந்தத் தொழிலைப் பார்த்தான், எந்தப் பிள்ளையோடு விளையாடினான் என்று கதையில் ஒரு வரி இல்லை. அந்த மக்கள் அவனுக்கு மாணவர்கள் மட்டுமே. அவர்களிடம் தனக்கு வேண்டிய ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. அந்த எண்ணத்தை ஆசிரியரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. நூலின் குறை என்று நான் கருதுவது இதைத்தான்.

தனிமையிலிருந்து மனிதரிடம் திரும்பி வருவதற்கு முஸ்லிம்களாகிய நமக்கு வேறொரு முன்மாதிரி நன்றாகத் தெரியும். ஹிராக் குகையிலிருந்து இறங்கி வந்த நபிகளார் (ஸல்) அவர்கள் அன்று நேரே மக்களிடம் போய்ப் போதிக்கவில்லை. நடுங்கியபடி கதீஜா நாயகியிடம் வந்து, தம்மைப் போர்த்திவிடும்படி கேட்டார்கள். அந்த வருகையில் முதலில் நடந்தது ஒரு தேவையை இன்னொருவரிடம் சொன்னதுதான்.

காமிலின் ரொட்டி

இப்னுன் நபீஸ் டமஸ்கஸில் படித்து கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்தவர். இருதயத்திலிருந்து நுரையீரல் வழியாக இரத்தம் ஓடும் விதத்தை முதலில் எழுதியவர் என்று மருத்துவ வரலாறு அவரைச் சொல்லும். தமது வீட்டையும் நூலகத்தையும் மன்ஸூரி வைத்தியசாலைக்கு விட்டுச் சென்றவர். அவருடைய 'அர்ரிஸாலத்துல் காமிலிய்யா'வில் ஃபாழில் இப்னு நாதிக் என்பவர் கதை சொல்லி. காமில் என்பவன் நாயகன்.

காமிலும் தாய் தகப்பன் இல்லாமல் தீவின் குகையொன்றில் உருவானவன். ஆனால் குகை திறந்து அவன் வெளியே வரும்போதே பத்து, பன்னிரண்டு வயதுப் பையனைப் போல வளர்ந்திருக்கிறான். மான் இல்லை, அணைத்து வளர்த்த மடி இல்லை. பார்க்கிறான், கேட்கிறான், முகர்கிறான், செத்த மிருகங்களை அறுத்துப் பார்க்கிறான், செடிகளையும் வானத்தையும் ஆராய்கிறான். ஹய் 35 வயதளவில் அடைந்த முடிவுகளை இவனும் அடைகிறான். இப்னுன் நபீஸ் இவற்றையெல்லாம் வேகமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். அவர் எழுத வந்த இடம் வேறு.

புயலில் அகப்பட்ட ஒரு கப்பல் தீவில் ஒதுங்குகிறது. ஆட்கள் இறங்கி விறகு பொறுக்குகிறார்கள், பழம் பறிக்கிறார்கள். காமில் பயந்து தூரத்தில் நிற்கிறான். அவர்கள் அவனைத் துரத்தவில்லை. ரொட்டியையும் தங்கள் சாப்பாட்டையும் அவன் பக்கம் போடுகிறார்கள். சமைத்த உணவை அவன் அதுவரை கண்டதே இல்லை. ருசி பிடித்துவிடுகிறது. மெல்ல மெல்லக் கிட்டே வருகிறான். உடுப்புக் கொடுக்கிறார்கள், பேசக் கற்றுக் கொடுக்கிறார்கள், பக்கத்து ஊருக்கும் கூட்டிப் போகிறார்கள்.

அங்கே காமில் தன் பழைய வாழ்வை நினைத்துப் பார்க்கிறான். குளிரிலும் வெயிலிலும் நிர்வாணமாகத் திரிந்தது, கிடைத்ததைத் தின்றது, மிருகங்களிடம் கடிபட்டது. பிறகு ஒரு முடிவுக்கு வருகிறான்: ஒருவர் உழ, ஒருவர் சுட, ஒருவர் சுமந்து வர, ஒருவர் தைத்துத் தர, இப்படிப் பலர் கூடினால்தான் மனிதன் மனிதனாக வாழ முடியும். கூடி வாழக் கொடுக்கல் வாங்கல் வேண்டும்; அதற்குச் சட்டம் வேண்டும்; சட்டத்தைக் கொண்டுவர ஒரு தூதர் வேண்டும் என்று அவன் சிந்தனை நபித்துவத்தை நோக்கி நகர்கிறது. ஹய்யின் அறிவு அவனை ஊரை விட்டு மேலே தூக்கியது என்றால், காமிலின் அறிவு அவனை ஊருக்குள் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

இலக்கியமாகப் பார்த்தால் ஹய்க்குப் பக்கத்தில் காமில் நிற்க முடியாது. ரொட்டி கைக்கு வந்த சிறிது நேரத்தில் அவன் ஆளாக இருப்பதை விட்டு வாதமாக மாறிவிடுகிறான். கப்பலில் வந்த ஒருவருக்கும் பெயரில்லை, முகமில்லை. காமிலுக்கு ஓர் அப்ஸால் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை இப்னுன் நபீஸ் சரியாகப் பிடித்தார். அறிவாளிப் பிள்ளை மனிதரோடு சேருவது தன் அறிவைக் கொடுக்கும்போது இல்லை, தனக்கு இல்லாத ஒன்று அடுத்தவரிடம் இருப்பதைக் காணும்போதுதான்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒன்றை இங்கே சொல்லலாம். 9ஆம் தரம். மேல்மலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த பையன், கணிதத்தில் புலி. இடைவேளைக்கும் கதிரையை விட்டு எழும்ப மாட்டான். 'கூட்டாளிகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடு மகன்' என்று ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகள் கேட்டார்கள், முடிந்ததும் பழையபடி தனியாகத்தான் இருந்தான். ஒரு நாள் பாடசாலைச் சந்தைக்குச் சாமான் விலை போட வேண்டி வந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு கடைக்காரர் மகன், பின்னேரங்களில் வாப்பாவின் கல்லாவில் நிற்பவன், இருபது சாமான்களின் விலையைப் பேனை எடுக்காமல் கூட்டிச் சொன்னான். இவன் எழுதிக் கூட்டி முடிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்து, "எப்படிடா கூட்டின?" என்று கேட்டான். அந்த வருடம் அவன் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்றைக்குப் பின்னேரம் இரண்டு பேரும் கடைப்பக்கம் போனார்கள். காமிலின் ரொட்டியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'எப்படிடா'தான் கேட்கும்.

ஹாலி எலையிலிருந்து ஒரு மூன்றாவது முடிவு

தீவுக்குத் திரும்புவது ஒரு முடிவு, ஊரில் குடியேறுவது இன்னொரு முடிவு. எங்கட மண்ணில் மூன்றாவது ஒன்றைக் காட்டியவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஹாலி எலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். தகப்பனாரிடமே ஆரம்பப் படிப்பு. பிறகு மூன்று வருடம் தமிழ்நாட்டில் கும்பகோணத்தில். திரும்பி வந்து பதுளை புனித பீட்ஸ் கல்லூரியில். தோட்டத்தில் லயம் ஒரு பக்கம், உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் ஒரு பக்கம். மாஸ்டர் வீட்டுப் பிள்ளை, கடல் கடந்து படித்து வந்த பிள்ளை, டவுன் கல்லூரிப் பிள்ளை. ஒதுங்கி நிற்பதற்கு மூன்று சிறகு இருந்தது.

அவர் தெளிவத்தைத் தோட்டத்தில் வேலைக்குப் போனார். அந்தத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். லயத்து ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் முடங்கிக் கிடக்கும் அவலத்தை 'மீன்கள்' கதையில் எழுதினார். 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவல், 1979இல் 'நாமிருக்கும் நாடே' தொகுப்பு, 2000இல் 'மலையகச் சிறுகதை வரலாறு'. கடைசியாகச் சொன்ன நூலை நான் தனியாக மதிக்கிறேன். ஏனென்றால் அது மற்ற எழுத்தாளர்களைத் தேடிச் சேர்த்து அவர்களைப் பற்றி எழுதிய புத்தகம். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 ஒக்டோபரில் காலமானார்.

ஜோசப்பின் கதைகளில் பெரட்டுக்களத்துப் பேச்சும் கொழுந்து மடுவப் பேச்சும் இருக்கின்றன. அவை கும்பகோணத்தில் கிடைக்காதவை; கல்லூரியிலும் கிடைக்காதவை. அந்தச் சனங்களிடம் கேட்டு வாங்க வேண்டியவை. ஹய் ஸலாமானின் ஊரில் செய்யாத வேலையை இவர் செய்தார். படித்தவன் பாமரருக்கு எழுதிக் கொடுத்ததாக இதைச் சொல்வது பொருந்தாது. மொழியை அவர்கள் கொடுத்தார்கள், இவர் கதையாகத் திருப்பிக் கொடுத்தார். தீவில் அப்ஸாலும் ஹய்யும் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கல், ஒரு முழுத் தோட்டத்தோடு நடந்திருக்கிறது.

வாசிப்பும் வகுப்பறையும்

ஸூரத்துல் ஹுஜ்ராத்தின் 13ஆம் வசனம், மனிதர் பல கூட்டங்களாக ஆக்கப்பட்டதன் நோக்கத்தை ஒருவரையொருவர் அறிந்துகொள்வதோடு இணைத்துப் பேசுகிறது. அறிதல் இரண்டு பக்கமும் நடக்கும் வினை. நமது பிள்ளைகளில் கெட்டிக்காரரை நாம் ஒரு பக்கத்துக்கே பழக்கி வைத்திருக்கிறோம். மேடையில் பேசு, பரிசு வாங்கு, மற்றவனுக்குச் சொல்லிக் கொடு. அடுத்தவனிடம் போய்க் கேள் என்று சொல்வது குறைவு. சிங்கள மொழிப் பிள்ளையோடு பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வரும் ஊவாப் பிள்ளை, அதன் மொழியில் பத்துச் சொல்லைக் கேட்டுப் பழகியிருந்தால் அதை எந்தப் பரீட்சையிலும் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

தனிமையை விரும்பும் பிள்ளையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தில் தள்ள வேண்டும் என்று இந்த இரண்டு நூல்களும் சொல்லவில்லை. கப்பல்காரர் காமிலைத் துரத்தவில்லை. ரொட்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்ஸால் தானே முதலில் உண்டு காட்டினார். அமைதியான பிள்ளை அமைதியாகவே இருக்கட்டும். குகையில் இருந்து யோசிக்க அதற்கு உரிமை உண்டு. ஹய்யின் கதை அந்த உரிமைக்காக எழுதப்பட்ட மிக உயர்ந்த வாதம். ஆனால் தன்னைப் போல ஒன்று இருக்கிறதா என்று தீவைச் சுற்றி வரும் பிள்ளைக்கும், யாரும் வேண்டாம் என்று இருக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். வெளியே இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

ஹய்யைப் பற்றித் தமிழில் பேசும் நமது அறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி அவனைத் தனியாக மேடையேற்றாதீர்கள். அவனுக்குப் பின்னாலேயே காமிலையும் கூட்டி வாருங்கள். இரண்டு கதைகளும் தெளிவான தமிழில், ஒரே அட்டைக்குள், உயர்தர மாணவர் வாசிக்கக்கூடிய அளவில் வர வேண்டும். மத்ரஸா நூலகத்திலும் தோட்டப் பாடசாலை நூலகத்திலும் அது இருக்க வேண்டும். அந்தலூஸில் ஒரு வைத்தியர் கேட்ட கேள்விக்குக் கெய்ரோவில் இன்னொரு வைத்தியர் பதில் எழுதினார். அந்தப் பதிலையும் வாசிக்காமல் ஹய்யின் தீவை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினால், கழுகுச் சிறகை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டவர்களாவோம்.